தொள்ளாயிரத்து ஐம்பது

ரயில் நிலையத்துக்கு எதிரே
மேல வெளி வீதி ஓரம் நிற்கிறோம்.
அனுமதி மாலை ஐந்து முதல் ஐந்தரை வரை.
ஒலிபெருக்கி கூடாது. நடைபாதையை மறிக்கக் கூடாது.
என் கையிலிருப்பது ஆணிப்பெட்டி அட்டை.
முன்பக்கம் சிவப்பு மையில்: போர் வேண்டாம்.
பின்பக்கம் அச்சில்: நிகர எடை 25 கிலோ.

சிக்னலில் நின்ற திருமங்கலம் பஸ்ஸிலிருந்து
கண்டக்டர் தலையை நீட்டினார்.
"நீங்க இங்க நின்னா அது அங்க நிக்குமாண்ணே?"
பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.
நல்ல கேள்வி.
பதில் தேடுவதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

அவருக்குச் சொல்ல நினைத்தது இது:

தெற்கு வெளி வீதி இரும்புக்கடையில்
பத்தொன்பது வருஷமாகப் பில் போடுகிறேன்.
தராசு அண்ணாச்சி கையில்.
ஒரு கிலோ ஆணி என்று குரல் கொடுப்பார்,
ஒரு கிலோ என்று எழுதுவேன்.
தட்டில் தொள்ளாயிரத்து ஐம்பதுதான் என்பது
தட்டுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்,
எனக்கும் தெரியும்.
கேட்டால், எதிர்க்கடையில் தொள்ளாயிரம் என்பார்.
அவன்தானே ஆரம்பித்தான் என்பார்.

ஒரு நாள் சோழவந்தான் கொத்தனார் முத்திருளன்
பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார்.
வேறெங்கோ நிறுத்துப் பார்த்திருக்கிறார்.
கல்லாவுக்குப் போவார் என்று பார்த்தால்
நேராக என் மேசைக்கு வந்தார்.
பில்லை விரித்து
அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.
நகத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது.
"எழுதுனது நீங்கதான?"

நிறுத்தது நானில்லை என்று சொல்லலாம்.
சம்பளக்காரன் என்று சொல்லலாம்.
மகள் நர்சிங் படிக்கிறாள் என்றும் சொல்லலாம்.
எல்லாம் உண்மை.
கையெழுத்தும் உண்மை.

இப்போது எங்கேயோ ஓர் ஊரில்
வீட்டின் மேல் வீடு விழுந்து கிடக்கிறது.
விசையை அழுத்தியது நானில்லை.
ஆனால் அந்தச் செலவுக் கணக்கில்
மக்கள் சார்பாக என்று எழுதியிருக்கிறதே,
அந்த மக்களில் என்னைக் கழித்துக்கொள்ள
எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.
நான் நின்றால் போர் நிற்காது, கண்டக்டர் சொன்னது சரி.
(நிற்குமோ என்று மனசின் ஒரு மூலையில் ஆசை உண்டு,
அது வேறு.)
அங்கிருந்து ஒருவன்
இடிபாட்டுத் தூசியோடு என் மேசைக்கு வந்து
வரியின் மேல் விரலை வைத்தால்
அன்றைக்கு மாதிரி
பேனா மூடியைத் திருகிக்கொண்டு
குனிந்திருக்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

வெள்ளரிக்காய் விற்கும் விருமாயி
எங்கள் பக்கத்தில் கூடையை இறக்கினாள்.
கூட்டம் சேரும் என்று நினைத்திருப்பாள், பாவம்.
"என்னப்பா எழுதியிருக்கு?"
வாசித்தேன்.
கத்தி பாதிக் காயில் நின்றது.
"எம் மகன் காசிமாயன் அங்கனதான் கெடக்கான்.
அவன எதுத்தா நிக்கிறீக?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்த இல்லை
ஐம்பது கிராம் குறைந்தது.
வாயை மூடிக்கொண்டேன்.

"சரியோ தப்போ, அவன் வந்து சொல்லட்டும்" என்றாள்.
"மொதல்ல வரட்டும்."
காயைக் கீறி மிளகாய்ப்பொடி தடவினாள்.
பத்து ரூபாய். எனக்கும் பத்துதான்.

ஐந்தரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.
காற்றில் விரலால் குத்திக்குத்தி எண்ணி
குறிப்பேட்டில் பன்னிரண்டு என்று எழுதினார்.
"பதினொண்ணு சார். அந்தம்மா வியாபாரத்துக்கு வந்தவங்க."
கூட்டத்தைக் குறைத்துச் சொல்கிற ஆளை
அவர் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
அவள் பக்கம் திரும்பினார்.
"நீ இவங்க ஆளா, இல்லையா?"

விருமாயி கூடையைத் தூக்கவில்லை.
பதிலும் சொல்லவில்லை.
மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்தபடி
என் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதன் பின்பக்கத்தை.

சப்-இன்ஸ்பெக்டரின் பேனா
பன்னிரண்டின் மேல்
எழுதாமல், அடிக்காமல் நின்றது.